சரணாலயத்தில் போட்ட யானைவெடி

தர்மபுரத்துச் சிவலட்சுமி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில், வயல் செய்து தம்பி சுஜிதனைப் படிக்க வைத்தார். அவர் கட்டும் வரம்பு நூல் பிடித்ததுபோல் இருக்கும். யானைக் காவலுக்கும் அவரே போவார். யானையை விரட்டும் யானைவெடியும் தீப்பெட்டியும் எப்போதும் கைப்பையில் கிடக்கும்.

தம்பி இப்போது அண்டவியல் ஆராய்ச்சி செய்கிறான். நட்சத்திரம் பார்க்க இருண்ட வானம் வேண்டுமென்று, அந்தத் துறைக்காரரின் மாநாடு ஒன்றை வன்னிக் காட்டுச் சரணாலயத்து மண்டபத்தில் வைத்தார்கள். அக்காவையும் வரச் சொல்லியிருந்தான். அந்தப் பெரிய ஆட்களுக்கு முன்னால் தன்னால் அவனுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று, சிவலட்சுமி சேலையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார்.

தம்பி வானத்தை ஆராய்கிறான் என்று சொன்னதும், பஸ்ஸில் பக்கத்துப் பெண் கேட்டாள்: "தம்பி என்ன, சாத்திரமோ பாக்கிறார்?"

"இல்லைப் பிள்ளை. உலகம் எப்பிடித் தொடங்கினது எண்டு பாக்கிறான்."

"அதை அறிஞ்சு என்ன செய்யிறது?"

"உன்ர இடம் வருது, இறங்கு."

பின்னேரம் சுஜிதன் பேசிக்கொண்டிருந்தபோது, திறந்த மண்டபத்துக்கு வெளியே, குளக்கட்டில் ஒரு கொம்பன் யானை ஏறியது. வெள்ளைக்காரர் கமராவைத் தூக்கினார்கள். சிவலட்சுமி எழுந்து படிக்கு ஓடினார். யானைவெடியைக் கொளுத்தி எறிந்து, அது வெடித்த பிறகுதான் தான் நிற்பது வயலில் அல்ல என்பது உறைத்தது.

யானை திரும்பி ஓடியது. வெளிநாட்டார் திகைத்து நின்றார்கள். மேடையில் சுஜிதனைக் காணவில்லை. மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தான். காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. சண்டைக் காலத்தில், குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குள் அவனுக்கு அப்படிப் படுக்கப் பழக்கியது சிவலட்சுமிதான்.

"அம்மா, இது அதுகளின்ர இடம். வெடி போடக்கூடாது," என்றான் காவலாளி. மிச்ச வெடிகளை அவர் அவனிடம் கொடுத்தார்.

சுஜிதன் எழும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு இறங்கி வந்தான்.

"என்னடா சொன்னனீ?"

"என்ர அக்கா, யானையிட்ட இருந்து உங்களைக் காப்பாத்தினவா எண்டு."

"அக்கா எண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"வேற ஆரெண்டு சொல்லுறது? வந்து இருங்கோ."

அவர் கடைசி வரிசையில் இருந்தார். தம்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்க நிலத்துத் தூசி. எல்லாருக்கும் அது தெரிந்தது. அவன் தட்டவுமில்லை, எழுந்துபோய்த் தட்டிவிட இவருக்குத் துணிவும் வரவில்லை.