செல்வராசு அண்ணன் கேட்ட மண்வெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கடைக்குப் போயிருந்தேன். பால்கனியில் கறிவேப்பிலையும் தக்காளியும் வைக்க அவளுக்கு ஆசை. தோட்டச் சாமான்கள் முன்னால் நின்று, "ஏங்க, நீங்க இந்த லைன்லதானே இருந்தீங்க? புதுசா ஆரம்பிக்கிறவங்க எது எது வாங்கணும், சொல்லுங்களேன்" என்றாள். பெரிய நிபுணன் மாதிரி ஒரு ரப்பர் கையுறையை எடுத்தேன். அதன் வாசனை மூக்கில் ஏறியதும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அரபு நாட்டில் வேலை பார்த்தபோது, அல் குசைஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் கிடந்தது. வில்லாக்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் கம்பெனியின் ஸ்டோர் அதுதான். உள்ளே இதே ரப்பர் நெடியும் உர நாற்றமும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கும். நான் ஸ்டோர்கீப்பர். சிரிக்காதீர்கள், பி.காம். படித்தவன், ஊரில் ஒரு கீரை விதைகூடத் தூவியதில்லை. ஃபோர்மேன் எனக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தார். புது ஆளுக்கு முதல் மாதம் கை மண்கரண்டி, கத்திரி, சருகு வாரி, கையுறை போதும். மண்வெட்டியைக் கண்ணில் காட்டாதே. இங்கே நாலு விரல் மணலுக்குக் கீழே சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது.

செல்வராசு அண்ணனுக்கு ஜெயங்கொண்டம் பக்கம். நாற்பது வயதிருக்கும். முந்திரியும் கடலையும் விளைவித்தவர், மகளைக் காலேஜில் சேர்த்த கையோடு விமானம் ஏறியிருந்தார். முதல் நாள் டூட்டிக்கு மண்கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, சோறு அள்ளிப் போடவா? அந்த மம்முட்டியக் குடுங்க."

எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டு எனக்கு மூன்று மாதமாகியிருந்தது. விதியாவது ஒன்றாவது. குழாய் இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு விவசாயிக்கு நான் போய்ச் சொல்வதா என்று கூச்சம். பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரே காலையில் ஒரு வில்லாவின் வேலியோரம் முழுவதையும் கொத்திப் போட்டார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். குழாய் அறுந்தது யாருக்கும் தெரியவில்லை, வந்த தண்ணீரை எல்லாம் மணல் குடித்துவிட்டது. ஜூலை வெயில் வேறு. நான்காம் நாள் வேலிச் செடி அத்தனையும் கருகி நின்றது.

ஃபோர்மேன் மண்வெட்டியோடு அண்ணனையும் இழுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். "கிஸ்னே தியா?" யார் கொடுத்தது என்று இந்தியில் கத்தினார். நான் கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். அண்ணனுக்குத் தெரிந்ததே நாலைந்து இந்தி வார்த்தைதான். நெஞ்சில் தட்டி, "மே லியா, சாப்" என்றார், தானே எடுத்ததாக.

"கலாஸ்!" முடிந்தது என்று அரபியில் சொல்லி ஃபோர்மேன் கையை உதறினார். அண்ணன் புரொபேஷனில் இருந்தவர், விசா கேன்சலாகிவிட்டது. வாயைத் திறந்தால் எனக்கும் அதே கதி என்று திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களோ என்னவோ. ஏர்போர்ட் வண்டியில் ஏறும்போது அண்ணன் ஒன்றுதான் கேட்டார்.

"அங்க கொழா இருக்குறது ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுண்ணே" என்றேன். "அதானே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கம்பெனியை மூடிப் பல வருடமாகிறது. கேம்ப் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. ஃபோர்மேன் தன் ஊருக்கே போய்விட்டார். அண்ணன் எழுதிக் கொடுத்த நம்பரில் யாரோ ஒரு பெண் எடுத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறாள். எனக்குத் தெரியும் அண்ணே என்பதை இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது?