பாதி வந்த படம்

ஆயுத பூஜையன்று சாரம் பகுதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில், எடுத்த படங்களையெல்லாம் சேமித்து வைத்திருந்த லினக்ஸ் சர்வரின் மூன்று டிஸ்க்குகளையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். பிறகு, கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்டுத் தரும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு டிஸ்க் செத்திருந்தது. ஒன்று போனால் மற்ற இரண்டையும் வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். ஆனால் இரண்டாவதிலும் அங்கங்கே பழுது. படிக்க முடிந்ததை மட்டும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கண் எரிந்தது. யார் பேசினாலும் எரிச்சல் வந்தது.

தேங்காய்த்திட்டிலிருந்து ஓர் அம்மா தினமும் வந்து காத்திருப்பார். மகள் கல்யாணத்தில் எடுத்ததுதான் இறந்துபோன கணவரின் ஒரே படம். பிரிண்ட் போடுவதற்குள் இப்படி ஆகிவிட்டது.

ஒருவழியாக அந்தப் படம் திறந்தது, மேல்பாதி மட்டும். மார்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"மன்னிச்சிடுங்கம்மா, பாதி போயிடுச்சு" என்றேன்.

அவர் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வேட்டி எல்லாரு இடுப்புலயும் ஒண்ணுதாம்பா. மொகம் வந்துடுச்சில்ல? இத்தயே பெருசா போட்டுக் குடு."

இன்றும் செத்த டிஸ்க்குகளோடுதான் என் பிழைப்பு. அலுப்பும் தீரவில்லை. ஆனால் யாரிடமும் போனதை முதலில் சொல்வதில்லை.