யாரும் தட்டாத சொற்கள்

இதைக் கட்டுக்கதை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் இருக்கும் யோரித்திடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்ததே இல்லை.

பிரவுசர் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் யோரித் நிரல் எழுதுகிறான். அந்த பிரவுசரின் மெனு, பட்டன், எச்சரிக்கை எல்லாம் அந்தப் பகுதியில் பேசும் ஃபிரிசிய மொழியிலும் வரும். அந்தச் சொற்களைப் பல வருடங்களாகச் சம்பளம் வாங்காமல் எழுதிக்கொடுத்தவள் ஹிஸ்கே. வயதானவள். ஒரே சொல்லை நாள்கணக்கில் வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பாள்.

யோரித் ஒரு கருவி செய்தான். இயந்திரமே மொழிபெயர்க்கும். ஒரே சொடுக்கில் எல்லாச் சொற்களும் உள்ளே போய்விடும். பிரவுசரை மூடித் திறக்கக்கூட வேண்டாம், கோப்பில் ஒரு சொல் மாறினால் கண்ணெதிரே திரையிலும் மாறும்.

"வேகமா கெடுக்கறதுக்கு ஒரு கருவியா, பையா?" என்று போனில் சிரித்தாள் ஹிஸ்கே. "ஒரு வாரம் குடு. நான் பாத்துத் தரேன்."

"நீங்க ஒவ்வொரு சொல்லுக்கும் முத்தம் குடுத்து அனுப்புற வரைக்கும் எங்களால காத்திருக்க முடியாது, ஹிஸ்கே."

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய சொற்களை மொத்தமாக நீக்கி, இயந்திரத்தின் சொற்களை ஏற்றினான். அந்தக் கோப்புகளுக்குள் அவள் நுழையும் அனுமதியையும் எடுத்தான். இரண்டு வரியில் நன்றி சொல்லி மெயில் அனுப்பினான். ஒரு வாரம்தானே கேட்டாள்...

மறுநாள் மதியம் எல்லாவற்றையும் சரிபார்க்க வந்தான். வேறு யாரும் இல்லை. வெளியே கால்வாய்மேல் மழை.

மெனுவைத் திறந்தான். 'சேமி' இருக்கும் இடத்தில் ஹிஸ்கேயின் சொல் இருந்தது.

நீக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தான். மாற்றினான். காபி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால்... மறுபடியும் அவள் சொல்.

கோப்பைத் திறந்தான். அதில் இயந்திரத்தின் சொல்தான் இருந்தது. திரையில் மட்டும் வேறு.

டக்.

பக்கத்து மேசை. ஆளில்லாத மேசை. அங்கே கிடந்த கீபோர்டில் ஏதோ அழுந்திய சத்தம்.

டக்... டக்...

ஒவ்வொரு சத்தத்துக்கும் மெனுவில் ஓர் எழுத்து மாறியது. அவசரமில்லாமல். யோசித்து, யோசித்து.

இணையக் கம்பியைப் பிடுங்கினான்.

டக்.

"யாரு?"

சத்தம் நின்றது.

திரை நடுவே ஒரு பெட்டி எழுந்தது. 'வெளியேறவா?' என்று கேட்கும் பெட்டி. அவன் எதையும் தொடவில்லை. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பட்டன் இருக்க வேண்டும்.

ஒன்றுதான் இருந்தது.

'என்னைக் கேட்டிருக்கலாமே, பையா.'

மேல்கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினான். பாலத்தருகே மழையில் நின்று ஹிஸ்கேயின் எண்ணை அழைத்தான். அவள் கணவர் வோபே எடுத்தார்.

"ஹிஸ்கே இருக்காங்களா? நான்... மன்னிப்புக் கேக்கணும்."

"ஆஸ்பத்திரியில இருக்கோம், யோரித். நேத்து உன் மெயிலைப் படிச்சுட்டு எழுந்தா. அப்படியே விழுந்துட்டா. மூளையில ரத்தம். உன் மேல தப்பில்ல. எப்ப வேணா வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

உன் மேல தப்பில்ல. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"எதாவது... பேசினாங்களா?"

"கண்ணே திறக்கல. ஆனா இன்னிக்கு மதியம் பூரா வலது கை விரல் மட்டும் போர்வை மேல தட்டிக்கிட்டே இருந்துச்சு. டைப் அடிக்கிற மாதிரி. நர்ஸ்கூடப் பாத்து அதிசயப்பட்டாங்க..."

வோபே மூக்கை உறிஞ்சும் சத்தம் போனில் கேட்டது.

"இப்பக் கொஞ்சம் முன்னாடி நின்னுச்சு, யோரித். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பினா. அதோட மூச்சும் நின்னுபோச்சு."