‘பிளேக்’ என்றே எழுதச் சொன்ன டொக்டர் ரெஜினா

வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் ஆய்வுகூடத்துப் பியோன் பியசேன வந்து நின்றார். அக்காவின் மகளுக்குக் காது குத்து என்று நான் மூன்று நாள் லீவில் இருந்தேன். பலகாரத்துக்கு மா அரித்த கையோடு வெளியே வந்தேன்.

“மிஸ்ஸி, டொக்டர் நோனா நெத்தி வுணா” என்றார்.

சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குக் காணாமற்போனார் என்றும் பொருள், இறந்துபோனார் என்றும் பொருள். நான் முதலாவதைத்தான் எடுத்தேன். எங்கே போகப்போகிறார், கொட்டாஞ்சேனைப் பக்கம் பிளேக்குக்காக எலி பார்க்கப் போயிருப்பார், அரிசிக் கிட்டங்கிகளில் விசாரித்துப் பாருங்கள் என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன். பியசேன தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பின்னும் நான் உள்ளே போய் மிச்ச மாவையும் அரித்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் டொக்டரோடு கதைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். நன்றாகத்தான் இருந்தார். “காது குத்தி முடிஞ்ச கையோட வாரும் பூமணி, புது மருந்து வந்திருக்கு, உம்மை விட்டா ஒழுங்கா ஊசி போட ஆளில்லை” என்று சொன்னார். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். வியாழன் விடிய முன் முடிந்துவிட்டது.

டொக்டர் ரெஜினாவின் பிரேதத்தை வீட்டில் வைக்கவில்லை. மூடிய பெட்டி, நாலு பேர், ஒரு பாதிரியார், அவ்வளவுதான். அவர் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில்கூட அடுத்த தெருக்காரருக்கு ஞாயிறு பூசையில்தான் தெரியவந்தது. அன்றிலிருந்து பலவிதமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரோடு எட்டு வருடம் பிளேக் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நேர்ஸ் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியிருக்கிறது.

நான் அவரை முதலில் கண்டது கொட்டாஞ்சேனையில் ஒரு மீன்காரத் தெருவில். அந்தக் கிழமை அங்கே இரண்டு வீட்டில் பிளேக். மற்ற வீடுகளெல்லாம் கதவைச் சாத்திவிட்டன. தெரு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். “முதல் எனக்குப் போடும்” என்றார். போட்டேன். புதிதாக எந்த மருந்து வந்தாலும் முதல் ஊசி அவருக்குத்தான், அதுவும் தெருவில், எல்லாரும் பார்க்க. மறுநாள் கை வீங்கிக் காய்ச்சலோடு வந்து நிற்பார்.

அன்றைக்கு ஒரு மீன்காரி கதவிடுக்கால் கேட்டாள்: “இதைப் போட்டால் பிறகு வராதோ?”

“வரலாம்” என்றார் டொக்டர். “ஆனா வாறது குறைவு. வந்தாலும் தப்புற ஆக்கள் கூட. ஆறு மாசத்தால திரும்பவும் போட வேணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பி நடக்கும்போது, “இப்பிடிச் சொன்னா ஆர், டொக்டர், கையை நீட்டுவினம்? வராது எண்டு சொல்லிவிட்டா என்ன?” என்று கேட்டேன்.

“வராது எண்டு சொல்லி ஊசி போட்ட ஒருத்தி செத்தா, முழுத் தெருவும் எங்களைத் துரத்தும். அதுவும் சரிதானே” என்றார்.

அவருடைய வேலை ஊசி போடுவது மட்டுமல்ல. அது எங்கள் வேலை. ஊசி போட்டவரின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எத்தனை மாதம் நிற்கிறது, யாருக்கு நிற்கிறது, யாருக்கு நிற்பதில்லை என்பதுதான் அவர் தேடியது. ஊசி போட்டவர்களிடம் ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் கொஞ்சம் இரத்தம் எடுப்போம். அந்த இரத்தத்தின் தெளிநீரை, கொல்லப்பட்ட பிளேக் கிருமிகள் மிதக்கும் குழாயில் விட்டுப் பார்ப்பார். சக்தி இருந்தால் பால் திரைவதுபோலக் கிருமிகள் கட்டிபட்டுக் கீழே இறங்கும். இல்லாவிட்டால் குழாய் கலங்கலாகவே இருக்கும். கலங்கல் குழாயைப் பிடித்துக்கொண்டு யன்னல் ஓரத்தில் நெடுநேரம் நிற்பார். அந்த நேரத்தில் யாராவது தேநீர் வேண்டுமா என்று கேட்டால் சீறி விழுவார். கோபக்காரிதான். கண்ணாடித் தகட்டை ஒழுங்காகக் கழுவாததற்கு என்னை ஒரு தரம் எல்லார் முன்னாலும் ஏசியதில், நான் இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்திருக்கிறேன்.

இரத்தம் எடுப்பதுதான் பெரிய பாடு. அதைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம் என்று ஊரில் ஒரு கதை. ஒரு முஸ்லிம் வீட்டில் சித்தி உம்மா என்ற பெண், திரைக்குப் பின்னால் நின்று கேட்டார்: “எண்ட ரத்தத்த நீங்க எங்க கொண்டு போற?”

நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். டொக்டர் என்னை நிறுத்திவிட்டு, “நீங்களே வந்து பாருங்கோ” என்றார்.

அன்றைக்கு இரத்தம் கொடுத்தார். மூன்றாம் நாள் திரை போட்ட ரிக்ஷாவில் சித்தி உம்மா தன் மாமியாரோடு ஆய்வுகூடத்துக்கு வந்துவிட்டார். டொக்டர் ஆண்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, சித்தி உம்மாவின் குழாயை எடுத்துக் கையில் கொடுத்தார். அடியில் வெள்ளையாகக் கட்டிபட்டிருந்தது.

“இது நான் செஞ்சதா?”

“உங்கட ரத்தம் செய்தது.”

சித்தி உம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து மாமியாருக்கும் காட்டினார். பிறகு அந்த ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு கதவும் மூடவில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. பாமன்கடைப் பகுதியில் ஊசி போட்டு ஐந்து கிழமையான ஒரு பெண், கவட்டில் நெறி கட்டி நாலாம் நாள் இறந்துபோனார். மூன்று பிள்ளைகள். அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். டொக்டர் போனார். கணவரிடம், “நாங்கள் போட்ட ஊசி உங்கட மனுசியைக் காப்பாற்றேல்லை. ஏன் எண்டு எனக்கு இன்னும் தெரியாது” என்றார்.

அந்த மனிதர் “அதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று கேட்டார். “ஓம்” என்றார் டொக்டர். திரும்பி வரும் வழியில், கால்வாய்ப் பாலத்தில், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் வேறு வார்டில் இருந்தேன். ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்கும் மனிதர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல், இருமல், சளியில் இரத்தம். சாதாரண நிமோனியா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டொக்டர் சளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பார்த்த உடனே வார்டைக் காலிசெய்யச் சொன்னார். அது சுவாசப்பையில் வரும் பிளேக். எலித் தெள்ளு கடிக்க வேண்டியதில்லை, ஒருவர் இருமினாலே மற்றவருக்குத் தொற்றும். எங்களுடைய ஊசி அதற்கு எதிராக நின்றதாக ஒருவரும் கண்டதில்லை. இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்த நகரத்தில் இல்லை. அந்த மனிதர் மூச்சுத் திணறிக் கட்டிலில் இருந்து சரிந்தபோது, தூக்கிப் படுக்க வைத்தவர் டொக்டர்தான். அப்போது முகத்துணி நழுவியதாக வார்டு ஆயா சொல்கிறார். ஒரு நிமிடம்கூட இருக்காதாம்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியதும் அவர் தானாகவே தனி வார்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் சளியைத் தானே தகட்டில் தடவி, தானே பார்த்து, ‘அதுதான்’ என்று யன்னலால் சொன்னாராம். எனக்கு ஆள் அனுப்ப வேண்டாம், காது குத்தைக் குழப்ப வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். அதற்காக நான் அவர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன். யன்னலுக்கு வெளியே ஒரு நேர்ஸை நிறுத்தி, மணிக்கு மணி காய்ச்சலும் நாடியும் சொல்லி எழுத வைத்திருக்கிறார். அந்தத் தாளை நான் பார்த்தேன். புதன் பின்னேரம் எழுதிய கடைசிக் குறிப்பு இது: “ஊசி போட்டு நாலு மாதம். நெறி கட்டவில்லை. சுவாசப்பையில் மட்டும். ஊசியால் நோய் ஏதும் தாமதித்ததா என்று தெரியாது. பார்க்க வேண்டும்.”

அவர் இறந்த அன்று ஒரு மேலதிகாரி, மரணக் காரணத்தை நிமோனியா என்று போட்டுவிடலாம் என்றாராம். ஊசி போட்ட டொக்டரே பிளேக்கால் இறந்தார் என்று வெளியே தெரிந்தால் இனி யாரும் கையை நீட்டமாட்டார்கள் என்பது அவருடைய பயம். டொக்டரின் தம்பி அந்தோனி பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் வாய் திறக்காதவர். அவர் சொன்னார்: “அக்கா யன்னலால எனக்குச் சொன்னது ரெண்டு விசயம். ஒண்டு, அம்மாவைக் கிட்ட விடாதை. மற்றது, பிளேக் எண்டே எழுதச் சொல்லு. வேற மாதிரி எழுதினா நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

பிளேக் என்றே எழுதினார்கள்.

மேலதிகாரி பயந்ததும் வீணில்லை. இந்தச் சனிக்கிழமை நான் ஊசிப் பெட்டியோடு தனியே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். டிராமால் இறங்கி நடந்த தெருவில் ஆறு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஏழாவது வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய் அரைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளை நான் முன்னே கண்டதில்லை.

“அந்த டொக்டரம்மா இந்த ஊசியைப் போட்டுப்போட்டுத்தானே செத்தவ?” என்றாள்.

எட்டு வருடமாக இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் சொல்வார், நான் பின்னால் நின்று மருந்துக் குப்பியைக் குலுக்குவேன். இப்போது முன்னால் நிற்பது நான், பின்னால் ஒருவரும் இல்லை.

“ஓம்” என்றேன். “அவவுக்கு வந்தது இருமலால தொத்துற பிளேக். அதுக்கு இந்த ஊசி உதவாது. எலித்தெள்ளால வாறதுக்கு உதவும், அதுவும் எல்லாருக்கும் இல்லை. போட்டும் செத்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குப் பயமில்லையே?”

“பயமாத்தான் இருக்கு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கொளுக்கியை எடுத்து, “உள்ளுக்கு வாங்கோ” என்றாள்.

அன்றைக்கு அந்தத் தெருவில் நான் போட்ட ஊசி அந்த ஒன்றுதான். ஆய்வுகூடத்துக்கு வந்து அவளுடைய பெயரையும் வீட்டு இலக்கத்தையும் பதிந்தேன். ஒரு மாதத்தில் அவளிடம் இரத்தம் எடுக்கப் போவேன். டொக்டரின் நுணுக்குக்காட்டி முன்னால் இனி யார் இருப்பார் என்று தெரியாது. அவர் இல்லை என்பதை என் மனம் இன்னும் நம்பவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மேசையை ஒழுங்குபடுத்துகிறேன். ஆனால் கேட்கிறவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அவர் கதவைத் திறக்கிறாரா மூடுகிறாரா என்று வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது டொக்டரிடம் இருந்து எனக்குக் கிடைத்தது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.