இலையை விட்டு எழுந்தவன்

நான் ஜெயங்கொண்டத்தில் கல்யாணச் சமையல் செய்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒரு நாடகத்தில் நடித்தேன்.

எங்கள் குழுவில் யாரும் வசனம் எழுதுவதில்லை. உறவு முறிந்த கதையை அவரவர் வீட்டிலிருந்து சொல்வோம். எல்லாரும் சேர்ந்து அதைக் காட்சியாக்குவோம். மேடையில் நிஜமாகவே சமைக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் என் கதையையும் கேட்டார்கள்.

"எங்க வூட்டு விசேஷத்துல அண்ணன் பந்தியில பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏழு வருசமாப் பேச்சு இல்லீங்க" என்றேன்.

அதுவே கடைசிக் காட்சியாகிவிட்டது. அண்ணனாக நடித்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

நான் சொன்னது பொய். அண்ணன் தன் மகள் கல்யாணச் சமையலைக் கும்பகோணத்து மாஸ்டரிடம் கொடுத்திருந்தார். அந்தக் கோபத்தில், பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் ஊற்றியதும் இலையை அப்படியே விட்டு எழுந்தவன் நான்தான். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். எங்கள் பக்கம் அது செருப்பால் அடிப்பதற்குச் சமம். குழுவில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பழியை அண்ணன் மேல் போட்டுவிட்டேன்.

அண்ணன் இருக்கும் திருமழபாடியிலேயே நாடகம் போடுவதென்று முடிவானது. இனியும் அந்தப் பொய்யை அவர் ஊரில் ஆடிக் காட்டக் கூடாது. அன்று காலையில் கண்டக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

"யோவ் மாஸ்டர், ஒரு மாசமா என்னையக் கெட்டவனாக்கி வச்சிருக்கியேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இப்ப என்ன பண்றது?"

"நான் எந்திரிக்கிறேங்க. நீங்க உக்காந்தே இருங்க."

"வாயத் தொறந்து பேசணும், தெரியும்ல?"

"பேசிடுறேன்."

சாயங்காலம் கூட்டத்தின் கடைசியில், தோளில் துண்டோடு அண்ணன் நின்றிருந்தார். மேடையில் புளிக்குழம்பை இறக்கி வைத்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தேன். எழுந்தேன்.

"எங்க அண்ணன் எந்திரிக்கல. எந்திரிச்சவன் நான். தப்பு என்னோடதுங்க" என்றேன்.

நாடகம் முடிந்ததும் சமைத்ததை எல்லாருக்கும் பரிமாறுவது எங்கள் வழக்கம். அண்ணன் பந்திக்கு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கண்டக்டரிடம் சொன்னார்:

"மொதல்ல ஒங்க மாஸ்டர உக்காரச் சொல்லுங்க. முழுசா சாப்புடுறானான்னு பாக்கணும்."

கரண்டியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். மோர் வரைக்கும் சாப்பிட்டேன். அவர் இலையை மடித்த பிறகுதான் என் இலையை மடித்தேன்.