அப்பாவின் குரலை அழித்த மாப்பிள்ளை

எங்கள் அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மைக் பழுதானாலும் அசரமாட்டார். வெறும் தொண்டையிலேயே வண்டிகளை ஏற்றி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே தொண்டைதான். அக்காவை "ஏய் வாயாடி, இங்க வா!" என்று கூப்பிட்டால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அக்கா வீட்டுக்காரரிடம் மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை." அந்த மரியாதைக்கு மாமா என்ன கிழித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அக்கா ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்துக் கொட்டக் கொட்ட அப்பாவைப் பேசவைத்துக் கணினியில் பதிவு செய்தாள். 'தண்ணி வேணும்', 'வலிக்குது', 'லைட்ட அணை'. பிறகு போனில் வாக்கியத்துக்கு ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

"திட்டுறதுக்கு ஒன்னு வேணாமா?" என்று கேட்டுவிட்டு அப்பாவே, "அறிவு இருக்கா உனக்கு?" என்று கத்தினார். கடைசியாகப் பதிந்தது, அக்காவைக் கூப்பிடும் அந்த "ஏய் வாயாடி, இங்க வா!"

ஆபரேஷன் முடிந்து மாற்றுத்துணி எடுக்க அக்காவும் நானும் வீட்டுக்கு வந்தோம். மாமா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு. குப்பையெல்லாம் அழிச்சுட்டேன்" என்றார் பெருமையாக. அக்காவின் முகம் மாறியதைப் பார்த்ததும், "பதறாத. உங்கப்பா பதிவும் அதோட போயிருச்சு, ஆனா அழிச்சத மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்னு இறங்கிட்டிருக்கு" என்றார்.

அக்கா பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அழிச்சது இன்னும் உள்ளதாங்க இருக்கும்! மேல புதுசா எதாவது வந்து உட்காந்தாத்தான் போயிரும். அந்தப் புதுச அதே டிஸ்க்லயே இறக்குறீங்களே!"

"நல்லது பண்ண வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று மாமா முறுக்கிக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்க இவருக்கு வாய் இல்லையா?

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டே அக்கா கணினி பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் போனாள். அவர் அதில் புதிதாக எதுவும் பதியாமல் வேறு கணினியில் மாட்டி, முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்தார். தேடியதெல்லாம் அந்த நகலில்தான். தண்ணீர் வந்தது, வலி வந்தது, திட்டும் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. "ஏய் வாயாடி" இருந்த இடத்தில் மாமா இறக்கிய சாஃப்ட்வேர் உட்கார்ந்திருந்தது.

அப்பா வீடு திரும்பினார். அக்கா போனைக் கையில் கொடுத்து ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினாள். கடைசிப் பொத்தான் இல்லாததை அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவள் குனிந்துகொண்டு, நடந்ததைச் சொன்னாள்.

"போனது ஒன்னே ஒன்னுதானே?" என்றார் மாமா. "அதுக்கு எதுக்கு இழவு வீடு மாதிரி உட்காந்திருக்கீங்க? வேணும்னா நானே அந்தக் குரல்ல பேசிப் பதிஞ்சு தரேன்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

"அறிவு இருக்கா உனக்கு?"

பேருந்து நிலையமே அதிரும் அதே குரல். மாமா சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்பா மறுபடியும் அமுக்கினார்.

மாமா எழுந்து வாசலுக்குப் போனார். அதன்பிறகு அப்பா கட்டில் சட்டத்தை விரலால் தட்டினார், அக்கா என்னவென்று கேட்டுப் பக்கத்தில் போனாள். இப்போதும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.