பெரியப்பா பார்க்காத ஆட்டங்கள்

எங்கள் ஊர் அணி தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டோம், நன்றாகத் தூங்கினோம். அது வெல்லத் தொடங்கிய பிறகுதான் எங்களைச் சனியன் பிடித்தது.

பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடுத்தபடியாக அங்கே ஒழுங்காக விளைந்தது காற்பந்தடிதான். எனக்குப் பத்து வயதளவில், வடக்கிலும் கிழக்கிலும் உள்ள அணிகளைச் சேர்த்து, ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் ஒரு தொடர் தொடங்கியது. எங்கள் அணியும் அதில் சேர்ந்தது. மன்னாரிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பயிற்றுநரைக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் மஞ்சள் சட்டை தைத்தார்கள். பிறகு பழையபடி தோற்றார்கள். இவ்வளவு காலமும் சும்மா தோற்ற பெடியள் இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு தோற்கிறார்கள் என்று அம்மா சொல்லுவார்.

அந்தத் தோல்விகளையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்த மனிதர் பெரியப்பா. அப்பாவின் தமையன். அவருடைய வீடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு; நடுவில் வேலி, வேலியில் நான் புகுந்து போவதற்கென்றே ஒரு பொட்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவார். பல்லி சொன்னதென்று பயணத்தைத் தள்ளிப்போடுகிற முன்வீட்டுக்காரரைப் பிடித்துவைத்து, பல்லிக்கு மூளை எவ்வளவு பெரிதென்று விளக்குவார். ராகுகாலம், கண்ணூறு, நல்ல நாள், கெட்ட நாள் எதையும் நம்பாத மனிதர் என்று ஊர் முழுக்கப் பெயர்.

அவர் வீட்டு முன் அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு பெடியன். பெரியப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணை. நான் அவரைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். படத்தில் இருப்பவர் கனடாவிலோ சுவிசிலோ இருப்பார். இவரும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அண்ணை எப்போது லீவுக்கு வருவார் என்று ஒருமுறை பெரியம்மாவைக் கேட்டேன். வருவான் என்று சொல்லி என் கையில் ஓர் எள்ளுருண்டையை வைத்தார். எள்ளுருண்டையோடு என் கேள்வியும் முடிந்தது.

ஊர் அணியின் ஆட்டம் என்றால் பெரியப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு திடலுக்குப் போவார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற வேம்புதான் எங்கள் இடம். ஆளுக்கொரு கடதாசிச் சரை நிறைய வறுத்த கச்சான் கடலை. முதற்பாதி முடிவதற்குள் இரண்டு கோல் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பயப்பட ஒன்றுமிருக்காது. பெரியப்பா கச்சானை உடைத்து உடைத்து எனக்குத் தந்தபடி, யார் எங்கே பிழைவிட்டார்கள் என்று ஆறுதலாக விளக்குவார். பனையில் ஏறாதவனுக்கு விழுகிற பயம் ஏது?

அடுத்த வருடத் தொடரின் நடுவில் கரவெட்டியில் ஒரு செத்தவீடு. பெரியம்மாவின் ஆட்கள் என்பதால் பெரியப்பா போகாமல் இருக்க முடியாது. அன்றைக்கு எங்கள் அணி வென்றது. வேம்பின் கீழே நான் தனியாக நின்று கத்தித் தொண்டை அடைத்துப்போனேன். அடுத்த ஆட்டத்துக்குப் பெரியப்பா வந்தார், தோற்றார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் அவருக்குக் காய்ச்சல், வென்றார்கள். அதோடு அந்த விஞ்ஞான மாஸ்ரருக்கு விஷயம் தெளிவாகிவிட்டது.

"நான் பாத்தாத் தோப்பாங்கள், பிள்ளை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும் என்பதைப்போல.

முதலில் வீட்டோடு நின்றார். ஆனால் திடலின் ஒலிபெருக்கி வீட்டுக்குக் கேட்கும். கேட்பதும் பார்ப்பது மாதிரித்தான் என்று ஒருநாள் தோன்றியிருக்க வேண்டும். ஆட்ட நேரத்தில் சந்திக் கடைக்குப் போகத் தொடங்கினார். அணி புள்ளிப் பட்டியலில் இன்னும் ஏறியபோது அவர் மானிப்பாய் வரை போனார். பிறகு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய், வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் சந்தையைச் சுற்றிவிட்டு வந்தார். அணி மேலே போகப்போகப் பெரியப்பா தூரப் போனார். முன்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மாஸ்ரர், பல்லிக்கு மூளை எவ்வளவு என்று விசாரித்தார். பெரியப்பா சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

வேம்பின் கீழே நானோ இப்போது தனியாக நின்றேன், கச்சான் சரையைப் பிரிக்கவேயில்லை. ஒரு கோல் முன்னால் நின்றால் எப்போது சமமாகும் என்று நடுங்கினேன். இரண்டு கோல் முன்னால் நின்றால் இது நடக்கிற காரியமில்லையே என்று இன்னும் நடுங்கினேன். வெல்லுகிற அணியை நேசிப்பது இவ்வளவு வேதனை என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கிறேன். எங்கள் அணியின் ஆட்டத்தைத் தொலைபேசியில் பார்க்கிறேன். நெருக்கடியான கட்டம் வந்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போகிறேன். எங்கள் குடும்ப வியாதி அது.

கடைசி ஆட்டம் எங்கள் ஊர்த் திடலில் வந்தது. வென்றால் எங்களுக்குக் கிண்ணம், சமநிலை என்றால்கூட மற்ற அணிக்கு. அந்தக் கிழமை, அணியின் செயலாளரும் தலைவரும் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு பெரியப்பா வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் பெரியப்பாவிடம் படித்தவர், கதிரையின் நுனியில்தான் இருந்தார். உடம்பு எப்படி, தோட்டம் எப்படி என்று விசாரித்தார்கள். பெரியம்மா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகும் எழும்பவில்லை.

"மாஸ்ரர் குறை நினைக்கக் கூடாது" என்று செயலாளர் தொடங்கினார். "வாற சனிக்கிழமை..."

"விளங்குது தம்பி" என்றார் பெரியப்பா. "நான் விடியவே கரவெட்டிக்கு வெளிக்கிட்டிடுவன். நீங்கள் யோசியாதேங்கோ."

தலைவர் நிலத்தைப் பார்த்தார். செயலாளர் மட்டும் பெருமூச்சு விட்டு, வாகனம் ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டார். பஸ் இருக்குது என்று பெரியப்பா சொன்னார்.

வேலிப் பொட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உவங்களுக்கு வெக்கமில்லையோ? தோத்த காலம் முழுக்க அங்கை நிண்டு பாத்த ஒரேயொரு மனிசன். வெல்லேக்கை வேண்டாமாம்." பெரியப்பாவைத் தனியாக அனுப்பக்கூடாது, பெரியம்மாவுக்கு முழங்கால் ஏலாது, ஆகவே நான் கூடப் போகவேண்டும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். ஊரில் ஆடு மாடுகூடப் பார்க்கப்போகிற ஆட்டத்தை நான் மட்டும் பார்க்க முடியாது. அன்றிரவு தலையணை நனைய அழுதேன்.

கரவெட்டியில் பெரியம்மாவின் தம்பி இருந்தார், எனக்கு மாமா முறை. மத்தியானம் பெரிய சாப்பாடு. பெரியப்பா குழம்பைச் சோற்றில் ஊற்றியபடியே மறந்துபோய் இருந்தார். மூன்றரைக்கு ஆட்டம். மாமா முன் விறாந்தையில் தொலைபேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்து நேரலையைப் போட்டதும், பெரியப்பா எழுந்து பின் வளவில் இருந்த வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் நடுவில் அகப்பட்டேன். விறாந்தையில் நின்றால் பார்க்க முடியவில்லை. பின்னால் போனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஓடி ஓடித் திரிந்தேன்.

முதலில் மற்ற அணி கோல் போட்டது. நான் பின்னால் ஓடிப் போனபோது பெரியப்பா காய்ந்த வாழைச் சருகுகளை உரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இஞ்சாலை முகத்தைக் காட்டாதை" என்றார்.

நான் திரும்பி நின்றேன். அவரும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், முதுகுக்கு முதுகாக அந்த வாழைகளுக்கு நடுவில் நின்றோம். சருகு கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளே மாமா கைதட்டினார். ஒன்றுக்கு ஒன்று. நான் ஓடினேன். ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் எங்களுக்குத் தண்டனை உதை கொடுத்தார். மன்னார்க்காரரில் ஒருவர் பந்தை வைத்துப் பின்னால் நடந்தார். அந்த இடத்தில் படம் நின்றது. ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. மாமா தொலைபேசியைத் தட்டினார், குலுக்கினார், முற்றத்துக்குக் கொண்டுபோய் வானத்துக்குக் காட்டினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

யாருக்காவது எடுத்துக் கேட்கட்டுமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றார் பெரியப்பா. போகிற வழியில் தெரியவரட்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

நெல்லியடியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறினோம். அவ்வளவு நீளமான பயணத்தை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை, கொழும்புக்குப் போனபோதுகூட. கொண்டக்டரைக் கேட்கட்டுமா என்றேன். கேளாதை என்றார். முன் இருக்கையில் இரண்டு பெடியள் வாய் ஓயாமல் கதைத்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், முழுக்க முழுக்க மோட்டார் சைக்கிள் கதை. மானிப்பாய் போனது, சண்டிலிப்பாய் போனது. வென்றிருந்தால் வெடிச் சத்தம் கேட்க வேண்டுமே என்று யன்னலால் தலையை நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் சந்திக்கு முந்திய தரிப்பிலேயே பெரியப்பா மணியை அடித்து இறங்கினார். இறங்கி, தெருவோர மதகில் இருந்துவிட்டார்.

"நீ போய்ப் பாத்திட்டு வா, பிள்ளை. நான் இதிலை இருக்கிறன்."

நான் போகத் தேவையில்லாமற் போயிற்று. வளைவில் ஓர் உழவு இயந்திரம் திரும்பியது. அதன் பெட்டியில் மஞ்சள் சட்டைகள், நடுவில் கிண்ணம். வெடி முழுவதையும் திடலிலேயே கொளுத்தித் தீர்த்துவிட்டார்களாம்; இப்போது வாயால்தான் வெடித்துக்கொண்டு வந்தார்கள். நான் தெருவின் நடுவில் நின்று குதித்தேன். இயந்திரம் நின்றது. தலைவர் குதித்து இறங்கி வந்து, கிண்ணத்தைப் பெரியப்பாவின் மடியில் வைத்தார். இது மாஸ்ரர் எங்களுக்குத் தந்தது என்று செயலாளர் பெட்டியில் நின்றபடியே அறிவித்தார். வராமல் இருந்ததற்கு இவ்வளவு மரியாதை பெற்ற மனிதர் எங்கள் ஊரில் வேறொருவர் இல்லை.

வலதுபக்கம் விளையாடிய பெடியனை மட்டும் காணவில்லை. கடைசி நேரத்தில் காலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், எலும்பு முறிவு இல்லை, பயமில்லை என்று சொன்னார்கள்.

"இனிக் காணும், போதும் மாஸ்ரர்" என்றார் தலைவர். "வாற வருசம் நீங்கள் வந்து பாக்கவேணும். தோத்தாலும் பறவாயில்லை."

பெரியப்பா கிண்ணத்தைத் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அவர் துடைக்கவில்லை.

"வேண்டாம் தம்பி" என்றார். "நான் பாக்காத இடத்திலை நல்லா இருக்கிறியள் எண்டால், எனக்கு அது காணும்."

பெட்டியில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவர் சிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. அவரும் அண்ணையும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதும், போரின் கடைசி வருடத்தில் அண்ணை காணாமற்போன பிறகு எல்லா முகாம்களுக்கும் போய்ப் பார்த்துப் பார்த்து வெறுங்கையோடு திரும்பிய பெரியப்பாவோடு அவர்தான் கூடப் போய்வந்தவர் என்பதும் எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா முன் அறையில் நின்றார். வெடிச் சத்தத்தில் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் என்னவாம் என்று கேட்டார்.

"வெண்டிட்டாங்கள்" என்றார் பெரியப்பா. "கடைசி மட்டும் நான் பாக்கேல்லை. வெண்டிட்டாங்கள்."

பெரியம்மா சேலைத் தலைப்பால் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப அவனும் நல்லாத்தான் இருப்பான்" என்றார்.

பெரியம்மாவுக்குக்கூட அந்த வலதுபக்கப் பெடியன்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஓம் பெரியம்மா, எலும்பு முறியேல்லையாம்" என்று ஆறுதல் சொன்னேன்.

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தலையைத் தடவி, கை கழுவிக்கொண்டு வா, புட்டு ஆறப்போகுது என்றார். வென்ற நாளென்று நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். பெரியப்பா சாப்பிடவில்லை. அடிபட்ட பெடியனை நினைத்துத்தான் என்று, அதற்கும் எனக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது.